கணக்கு சரி, வாசிப்பு எங்கே? மிருதங்கக் கோர்வையைக் கணினியிடம் கட்டச் சொல்வது எப்படி

தருமபுரியில் கணினி அறிவியல் மூன்றாமாண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "நான்கு வருஷமாக மிருதங்கம் கற்கிறேன். தனி ஆவர்த்தனம் மாதிரி சொற்கட்டுகளைத் தானாக உண்டாக்கும் புரோகிராம் ஒன்று எழுதினேன். தகிட, தகதிமி போன்ற சொற்களை ரேண்டமாக எடுத்து 32 மாத்திரை நிறையும்வரை அடுக்கும். ஆதி தாளத்தில் சரியாக உட்காருகிறது. ஆனால் வாத்தியார் கேட்டுவிட்டு, 'கணக்கு இருக்கு, வாசிப்பு இல்லை'ன்னுட்டார். எங்கே தப்பு? எங்கள் ஊர்ப் பண்டிகையில் அடிக்கும் பம்பைக்கும் இதையே செய்யலாமா?"

வாத்தியார் சொன்னது வைதல் இல்லை, நோய்க்குப் பெயர் சொல்லியிருக்கிறார். உங்கள் புரோகிராம் முன்னாலிருந்து பின்னால் போகிறது. கையில் கிடைத்த சொல்லை வைத்து, இடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அடுத்ததை வைக்கிறது. மிருதங்கம் வாசிப்பவர் முதலில் எங்கே போய் விழவேண்டும் என்று தீர்மானிக்கிறார். அது சமமா (தாளச் சுற்று தொடங்கும் இடம்), அரை இடம் தள்ளிய எடுப்பா (பாட்டு தொடங்கும் இடம்) என்று தெரிந்த பிறகு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி எங்கே ஆரம்பிப்பது என்று பார்க்கிறார். அப்படி விழும் முடிப்புக்குத் 'தீர்மானம்' என்று பெயர் வந்ததே பொருத்தம்தான். புரோகிராமையும் அப்படித் திருப்பிப் போட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி சொல்லைக் கையாக மாற்றுவதில் இருக்கிறது. அதுதான் கடினமான பாதி.

முதலில் அடித்தளத்தில் இரண்டு பிழைகளைப் பார்த்துவிடுவோம். அநேகமாக எல்லோரும் செய்வது இவை.

ஒன்று, மாத்திரையை (ஒரு தட்டின் கால அளவை) எழுத்து எண்ணிக்கையிலிருந்து கணக்கிடுவது. 'தகதிமி' நான்கு மாத்திரை. யூனிகோடில் அது ஆறு குறியீடு: த, க, த, இகரக் கொம்பு, ம, இகரக் கொம்பு. 'தொம்' ஒரே தட்டு, ஆனால் நான்கு குறியீடு. சில விசைப்பலகைகளில் 'தொ' இரண்டாகப் பிரிந்து ஐந்தாகவும் வரும். அதனால் சொல்லின் நீளத்தை நிரலிடம் கேட்கவே கூடாது. ஒவ்வொரு சொல்லோடும் மாத்திரையைக் கையால் எழுதி வையுங்கள்: தகிட 3, தகதிமி 4, தகதகிட 5, தகதிமிதக 6, தகிடதகதிமி 7, தகதிமிதகஜொணு 8, தகதிமிதகதகிட 9. கார்வைக்கு, அதாவது நடுவில் விடும் இடைவெளிக்கு, நோட்டில் எழுதும் வழக்கமே போதும்: காற்புள்ளி ஒரு மாத்திரை, அரைப்புள்ளி இரண்டு.

இதோடு இன்னொன்று. தமிழ் எழுத்தையே தட்டின் அடையாளமாக வைக்காதீர்கள். 'தி' என்று எழுதினால் அது வல்லொலியா மெல்லொலியா என்று நம் எழுத்து சொல்லாது. தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ஒரே வகுப்பில் மூன்று எழுத்திலும் நோட்டு எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள், ஒருவர் நோட்டை இன்னொருவர் கோப்பில் ஏற்றும்போது தட்டு மாறிப்போகும். தட்டுக்கு எண் கொடுங்கள், எழுத்து வெறும் காட்சிக்கு இருக்கட்டும்.

இரண்டாவது பிழை, நேரத்தின் அலகு. இசை மென்பொருள்களில் ஒரு அட்சரத்தை, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கையை, 480 துண்டாக வெட்டுவது வழக்கம். அட்சரத்தை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரத்துக்கு 120, மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரத்துக்கு 160, ஐந்தாகப் பிரிக்கும் கண்டத்துக்கு 96 என்று சரியாக வகுபடும். மிஸ்ரத்துக்கு 480ஐ 7ஆல் வகுத்தால் மீதி வரும், சங்கீர்ணத்துக்கு 9ஆல் வகுத்தாலும் அப்படியே. 3, 4, 5, 7, 9 ஐந்துக்கும் பொதுவான மிகச் சிறிய எண் 1260. அட்சரத்துக்கு 1260 துண்டு என்று வைத்தால் சதுஸ்ரம் 315, திஸ்ரம் 420, கண்டம் 252, மிஸ்ரம் 180, சங்கீர்ணம் 140. மேல்காலமும் (இரட்டிப்பு வேகமும்) வேண்டுமென்றால் 2520. கடைசிவரை முழு எண்ணிலேயே வேலை செய்யுங்கள், ஒலியாக்கும் கணத்தில் மட்டும் நொடிக்கு மாற்றுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம், நொடிக்கு 44,100 ஒலிமாதிரி. ஒரு அட்சரம் 33,075 மாதிரி. திஸ்ரத்தில் ஒரு மாத்திரை 11,025, கண்டத்தில் 6,615, மிஸ்ரத்தில் 4,725, சங்கீர்ணத்தில் 3,675, எல்லாம் முழு எண். ரொம்பச் சாதாரணமான சதுஸ்ரம்தான் இங்கே காலை வாரும்: 8,268.75. அந்த முக்காலை வெட்டிவிட்டு மாத்திரை மாத்திரையாகக் கூட்டினால் ஒரு ஆவர்த்தனத்துக்கு (ஆதியின் ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை) 24 மாதிரி தொலையும், 100 ஆவர்த்தனத்தில் 2,400. அதாவது 54 மில்லிசெகண்டு. தம்புராவோ தாளமோ தனி ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள் மிருதங்கம் தனியாகப் போயிருக்கும். ஒவ்வொரு தட்டின் நேரத்தையும் ஆரம்பத்திலிருந்து பெருக்கிக் கண்டுபிடியுங்கள், முந்தைய தட்டோடு கூட்டாதீர்கள். பிரச்சினை அதோடு தீர்ந்தது.

தாளத்தை எப்படிச் சேமிப்பது என்பதில் பெரிய சங்கதி இல்லை. சூளாதி சப்த தாளம் ஏழு, ஜாதி ஐந்து, ஆக 35; ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன ஐந்து பிரிப்புகள், அதாவது ஐந்து நடை என்றால் 175. லகு, திருதம், அனுதிருதம் என்ற மூன்று அங்கங்களின் வரிசையாக எழுதிவிடலாம். ஆதி என்பது சதுஸ்ர ஜாதி திரிபுடை, 4+2+2. சாபு தாளங்களை மட்டும் இந்த அச்சுக்குள் திணிக்காதீர்கள். மிஸ்ர சாபு 3+4, கண்ட சாபு 2+3 என்று தனியாக வையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

தீர்மானம், அதாவது மோரா, ஒரு சொல்லை மூன்று முறை சொல்லி, நடுவில் இரண்டு கார்வை விட்டு, எடுப்பில் போய் நிற்பது. (தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் கோர்வைக்கு முன்னால் வரும் மோஹரா வேறு, பெயர் ஒலிப்பதால் குழம்ப வேண்டாம்.) சொல்லின் நீளம் ச, கார்வை க என்றால்:

3ச + 2க = விழ வேண்டிய தூரம்

ஆதியில் சமத்தில் தொடங்கி அடுத்த சமத்தில் விழ 32 வேண்டும். 2க இரட்டைப்படை, 32 இரட்டைப்படை, ஆகவே ச இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். விடைகள்: (10, 1), (8, 4), (6, 7), (4, 10), (2, 13). ஐந்தும் கணக்கில் சரி. வாசிப்பில்?

(4, 10), (2, 13) இரண்டையும் தூக்கிப் போடுங்கள். கார்வை சொல்லைவிட வெகு நீளமாக இருந்தால் கேட்பவர் முதல் தடவையிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். (6, 7) எல்லையில் நிற்கிறது, அதையும் விட்டுவிடலாம். (8, 4) பாதுகாப்பானது, ஆனால் சப்பென்றிருக்கும்: 8+4=12, மூன்று அட்சரம், ஆகவே மூன்று தடவையும் சொல் தட்டின் மேலேயே தொடங்கும். (10, 1)இல் சொல் தொடங்குவது 0, 11, 22ஆம் மாத்திரைகளில். நான்கால் வகுத்த மீதி 0, 3, 2. அதாவது முதல் தடவை தட்டில், இரண்டாவது தட்டுக்கு முக்கால் தள்ளி, மூன்றாவது அரை தள்ளி. தாளத்தோடு முறுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் சமத்தில் வந்து அவிழும். வாத்தியார் தேடிய 'வாசிப்பு' இதில்தான் ஆரம்பிக்கிறது. புரோகிராமில் இதை விதியாக வைக்கலாம்: ச+கவை நான்கால் வகுத்து மீதி இல்லையென்றால் மதிப்பெண் குறை, க, சவின் பாதியைத் தாண்டினால் தள்ளிவிடு.

பத்து மாத்திரையை எதனால் நிரப்புவது? தகதகிட ததிகிணதொம். 5+5. மூன்று முறையும் இடையில் ஒரு கார்வையும்:

தகதகிட ததிகிணதொம் ,
தகதகிட ததிகிணதொம் ,
தகதகிட ததிகிணதொம்

இரண்டு ததிகிணதொம் வைத்தும் பத்தை நிரப்பலாம். கூடாது. ஆறு தடவை ஒரே சொல் கேட்கும், மூன்று என்ற அமைப்பே காதில் விழாது. 'தீர்மானத்தின் ஒரு சுற்றுக்குள் முடிப்புச் சொல் ஒரு தடவைதான்' என்று ஒரு விதி.

எடுப்பு மாறினால் என்ன ஆகும் என்பது இன்னும் சுவாரஸ்யம். பாட்டு அரை இடம் தள்ளி எடுத்தால் தூரம் 34. விடைகள் (10, 2), (8, 5), (6, 8). ஒன்றரை இடம் என்றால் 38, அதில் (10, 4) இருக்கிறது. அதே பத்து மாத்திரைச் சொல். சமத்துக்குக் கார்வை 1, அரை இடத்துக்கு 2, ஒன்றரை இடத்துக்கு 4. கச்சேரியில் எடுப்பு மாறும்போது வித்வான் யோசிக்காமல் சமாளிப்பதன் ரகசியம் பாதி இதுதான்: சொல்லைத் தொடாமல் கார்வையை மட்டும் நீட்டுவது. உங்கள் நிரலிலும் சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் கார்வையைத் தீர்ப்பதும் தனித்தனிச் செயல்களாக இருக்கட்டும்.

தபலாவில் இதேபோல் மூன்று முறை சொல்லி முடிக்கும் திஹாய்க்கும் இதே சூத்திரத்தைப் போட்டால் ஒரு மாத்திரை பிசகும். நம் தீர்மானத்தில் கடைசித் தொம் முடிந்த அடுத்த மாத்திரைதான் எடுப்பு. திஹாயில் கடைசி 'தா' சமத்தின் மேலேயே விழவேண்டும். ஆகவே அங்கே 3ச + 2க = தூரம் + 1. பதினாறு மாத்திரை தீன்தாலுக்கு 17, அதாவது ச=5, க=1. இணையத்தில் கிடைக்கும் நிரல்களை எடுத்து ஆதிக்குப் பயன்படுத்துபவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்.

கோர்வை இதன் அடுத்த படி. பூர்வாங்கம் (முன்பாகம்), உத்தராங்கம் (பின்பாகம்) என்று இரண்டு பாகம். பூர்வாங்கத்தை யதியில், அதாவது வரிகளின் நீளம் ஒழுங்காக மாறும்படி, அமைப்பது நல்ல வழி. கோபுச்ச யதி என்றால் பசுவின் வால் மாதிரி படிப்படியாகக் குறுகும். இரண்டு ஆவர்த்தனம் ஆதிக்கு, 64 மாத்திரையில் ஒன்று கட்டிப் பார்ப்போம்.

பூர்வாங்கம்:
தகதிமி தகஜொணு தாம் , , , (12)
தகதிமிதக தாம் , , , (10)
தகதிமி தாம் , , , (8)

உத்தராங்கம்:
ததிகிணதொம் ; (5+2)
ததிகிணதொம் ததிகிணதொம் ; (10+2)
ததிகிணதொம் ததிகிணதொம் ததிகிணதொம் (15)

மேலே 30, கீழே 34, மொத்தம் 64. (இங்கே முடிப்புச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கேட்காதீர்கள். 1, 2, 3 என்று ஏறுவது காதுக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதனால் விதி மீறலாகாது.)

இதைப் பொதுவாக்கினால்: பூர்வாங்கத்தின் நடு வரி ந, முடிப்புச் சொல் ம, கார்வை க. 3ந + 6ம + 2க = 64. ம=5 என்றால் ந=10, க=2, மேலே உள்ளது. முடிப்புச் சொல்லை ஆறாக்கினால் (த தி , கி ண தொம்) ந=8, க=2. ஏழாக்கினால் (த , தி , கி ண தொம்) ந=6, க=2. கார்வை மாறவே இல்லை. முடிப்பு ஒன்று கூடினால் பூர்வாங்க வரிகள் இரண்டிரண்டு குறைகின்றன. பூர்வாங்கம் 12-10-8, பிறகு 10-8-6, பிறகு 8-6-4. கடைசியில் மூன்றாவது வரி வெறும் 'தாம் , , ,' ஆகிவிடும், அதுவும் அழகாகவே இருக்கும். ஒரே எலும்புக்கூட்டில் மூன்று கோர்வை. இதைக் கொண்டுபோய் வாத்தியாரிடம் காட்டுங்கள். ரேண்டமாக ஆயிரம் உருவாக்கிக் காட்டுவதைவிட இந்த மூன்றுக்கு அவர் கூடுதல் நேரம் உட்காருவார்.

சரி, தீர்மானத்துக்கும் கோர்வைக்கும் முந்தைய பகுதி, சாதாரணமாக நடையில் ஓடும் இடம், அதை எப்படி நிரப்புவது? இங்கே ரேண்டம் கொஞ்சம் உதவும், ஆனால் மிச்சத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3, 4, 5, 7 என்ற நான்கு நீளங்களால் ஒரு தூரத்தை எத்தனை விதத்தில் நிரப்பலாம் என்று முதலில் அட்டவணை போடுங்கள். ந மாத்திரைக்கான எண்ணிக்கை = (ந−3), (ந−4), (ந−5), (ந−7) ஆகியவற்றின் எண்ணிக்கைகளின் கூட்டல்; பூஜ்யத்துக்கு 1. நிரல் சரியா என்று பார்க்க: 12 மாத்திரைக்கு 10 வரவேண்டும் (4+4+4, 3+3+3+3, 3-4-5 ஆறு வரிசை, 5-7 இரண்டு). 32க்கு 5,302 வரும். அட்டவணை இருந்தால் மிச்சம் 1 அல்லது 2 என்ற முட்டுச் சந்தில் மாட்டாமல் சொல் எடுக்கலாம். இப்போது உங்கள் புரோகிராம் கடைசியில் ஒட்டுப்போடுவது அந்த முட்டுச் சந்தில்தான் என்று நினைக்கிறேன்.

இப்படி எண்ணுவது கணினியோடு வந்த வித்தை இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் தாளப் பிரஸ்தாரம் என்று ஒரு பகுதியே உண்டு. திருதம் 1, லகு 2, குரு 4, புலுதம் 6 என்ற அளவுகளால் ஒரு கால அளவை எத்தனை விதமாகப் பிரிக்கலாம், எந்த வரிசையில் எழுதுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். எண்ணிக்கை 1, 2, 3, 6, 10, 19, 33 என்று போகும். உங்கள் அட்டவணை அதே முறைதான், அளவுகள் மட்டும் வேறு.

ஆனால் அந்த 5,302இல் பெரும்பாலானவை வாசிக்கத் தகாதவை. சொற்களின் வரிசையை மட்டும் கற்றுக்கொண்டு அடுத்ததை ஊகிக்கும் மார்கோவ் முறை இங்கே ஏமாற்றும். பக்கத்துப் பக்கத்துச் சொற்கள் பொருந்தும், முழுசாகக் கேட்டால் எங்கேயும் போகாது. கேட்பவருக்கு வேண்டியது ஒரு கருவும் அது மாறுவதும். ஆகவே ஒரு ஆவர்த்தனத்துக்கு ஒரே கருச்சொல். அதை அப்படியே ஒரு முறை, பாதி வெட்டி ஒரு முறை, கார்வை சேர்த்து ஒரு முறை, பிறகு தீர்மானம். இதையே இலக்கண விதிகளாக எழுதி 1980களில் பெர்னார்ட் பெல், ஜேம்ஸ் கிப்பன் இருவரும் லக்னோ தபலாவின் காயிதாக்களுக்கு (ஒரு கருவை மாற்றி மாற்றி வாசிக்கும் வகை) 'போல் பிராசசர்' என்ற மென்பொருளைச் செய்தார்கள். கணினி உருவாக்கிய வகைகளை லக்னோ கரானாவின் (வாசிப்பு மரபின்) உஸ்தாத் அஃபாக் ஹுசேன் கேட்டு ஏற்பதும் தள்ளுவதுமாக விதிகள் திருத்தப்பட்டன. அதில் ஒரு நல்ல யோசனை: முதல் பாதியை அப்படியே நகலெடுத்து, ஒலிக்கும் போல்களை (தபலாச் சொற்களை) மட்டும் மூடிய போல்களாக மாற்றினால் இரண்டாம் பாதி கிடைத்துவிடும். மிருதங்கத்தில் தொப்பியின் (இடது முகத்தின்) தொம்மை எடுத்துவிட்டு அதே சொல்லை வலந்தலையில் (வலது முகத்தில்) மட்டும் ஒரு முறை வாசித்தால் கிட்டத்தட்ட அந்தப் பலன் வரும்.

உரையாடல் செயலிகளிடம் 'ஆதி தாளத்துக்கு ஒரு கோர்வை எழுது' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும், கூட்டினால் பல சமயம் 61 அல்லது 67 என்று வரும். அவை சொல்லை மாத்திரையாகப் பார்ப்பதில்லை, எழுத்துத் துண்டுகளாகப் பார்க்கின்றன. யோசனைக்கு வைத்துக்கொள்ளலாம், கணக்கை உங்கள் நிரல் சரிபார்க்காமல் வெளியே விடாதீர்கள்.

இனி அந்தக் கடினமான பாதி: சொல்லைக் கையாக்குவது.

கொன்னக்கோலில், அதாவது சொற்கட்டை வாயால் சொல்லும்போது, வரும் 'த' எல்லா இடத்திலும் ஒரே தட்டு இல்லை. ததிகிணதொம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான கை ஒன்று: த வலது மூடிய தட்டு, தி வலது ஆள்காட்டி விரல், கி இடது மூடியது, ண வலந்தலையில் நம், தொம் இடது திறந்தது. தகதிமியில் வரும் தவை இதே தட்டாக வைத்தால் வேகத்தில் கை சிக்கும். உங்கள் பாணியில் எந்தச் சொல்லுக்கு எந்தக் கை என்று வாத்தியாரிடம் கேட்டு, முழுச் சொல்லுக்கும் சேர்த்துப் பட்டியல் போடுங்கள். எழுத்து எழுத்தாகப் போடாதீர்கள். ஒரே சொல்லுக்கு மெதுகாலக் கை ஒன்று, மேல்காலக் கை ஒன்று என இரண்டு வைப்பது நல்லது. பிறகு ஒரு சோதனை: மேல்காலத்தில் ஒரே விரல் அடுத்தடுத்த இரண்டு மாத்திரையில் வந்தால் அந்த இணைப்பைத் தள்ளிவிடு. மனிதன் வாசிக்க முடியாததைக் கணினி வாசித்தால் ஏன் என்று தெரியாமலே காது முகம் சுளிக்கும்.

அடுத்தது ஒலி. தட்டுகளைச் சூத்திரத்தால் உருவாக்கப் பார்க்காதீர்கள். சாதாரணத் தோல் வாத்தியத்தின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் இருப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவில் சாதம் என்னும் கருப்புப் பூச்சு இருப்பதால் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து ஒத்திசைவுகளாகச் சேர்ந்துகொள்கின்றன. சி.வி. ராமன் 1920இலும் 1934இலும் எழுதிக் காட்டியது இதைத்தான். அந்த ஐந்தையும் கூட்டிச் செயற்கையாக 'நம்' கொண்டுவரலாம். விரல் தோலில் படும் முதல் சில மில்லிசெகண்டு வராது. பதிவு செய்வதே மேல். மிருதங்கம் கைவசம் இல்லாதவர்களுக்குச் சென்னை ஐஐடி ஆய்வுகளுக்காக அக்ஷய் அனந்தபத்மநாபன் வாசித்த தட்டுத் தொகுப்பு இருக்கிறது: 10 வகைத் தட்டு, 6 சுருதி, மொத்தம் 7,162 ஒலித்துண்டுகள்.

நீங்களே பதிவு செய்தால் மின்விசிறியை நிறுத்துங்கள், தொம்மை முதலில் எடுத்துவிடுங்கள். தொப்பியில் அப்பிய ரவை காயக் காயப் பாரம் குறைந்து சுருதி ஏறும். சித்திரை மாதத் தருமபுரி வெயிலில், விசிறியும் இல்லாத அறையில், ஒரு மணி நேரத்துக்கு முன் எடுத்த தொம்மும் இப்போது எடுத்ததும் சேராது. ஒவ்வொரு தட்டையும் மென்மை, நடுத்தரம், பலம் என மூன்று அளவில், அளவுக்கு நான்கு முறை பதியுங்கள். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலித்தால் தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி இருக்கும்; நான்கையும் சுழற்றினால் அந்தக் குறை போகும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உள்ள அமைதியை வெட்டி, தட்டு விழும் புள்ளியை ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தாளம் ஆடுகிறது என்று வரும் புகார்களில் பாதி இந்த அமைதித் துண்டால் வருபவை, நிரலில் தேடிக்கொண்டிருப்பார்கள். சுருதியை அரைச் சுரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அரைச் சுரத்துக்கே வேகம் 6 சதவீதம் மாறும், அதற்கு மேல் போனால் தட்டு பொம்மை மிருதங்கம் மாதிரி ஆகும்.

எல்லோரும் மறக்கும் ஒன்று, ஒலியை அடக்குவது. இடது கை மூடிய தட்டுப் போட்டால் அதற்கு முன் ஒலித்த தொம் அங்கேயே நிற்கவேண்டும். வலது கை மூடிய தட்டுப் போட்டால் நம், தின், சாபு என்னும் தட்டுகளின் ஒலி நிற்கவேண்டும். வலது தட்டு தொம்மை நிறுத்தக் கூடாது. ஆகவே தொப்பிக்கு ஒரு குழு, வலந்தலைக்கு ஒரு குழு. குழுவுக்குள் புதுத் தட்டு வந்தால் பழையது 5 முதல் 10 மில்லிசெகண்டுக்குள் இறங்கட்டும். சட்டென்று வெட்டினால் 'டிக்' என்று ஒலிக்கும். இதைச் செய்யாவிட்டால் தொம் மேல் தொம் குவிந்து மேல்காலத்தில் வெறும் கூவல்தான் மிஞ்சும்.

உலாவியில் ஓட்டுவதாக இருந்தால் சாதாரண டைமரை நம்பி ஒலிக்காதீர்கள், அது பிந்தும். 25 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை டைமர் விழிக்கட்டும். அடுத்த 100 மில்லிசெகண்டில் வரவேண்டிய தட்டுகளை ஆடியோ கடிகாரத்தின் நேரத்தில் முன்கூட்டியே பதிவு செய்துவிடட்டும். 'மனிதத்தனம்' வேண்டும் என்று தட்டுக்குத் தட்டு ரேண்டமாக நேரத்தைத் தள்ளுவது வேண்டாத வேலை. சின்ன அளவில் ஒன்றும் தெரியாது, பெரிய அளவில் தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல் இருக்கும். நேரத்தைத் தொடாமல் பலத்தை மாற்றுங்கள்: சொல்லின் முதல் தட்டு கொஞ்சம் ஓங்கி, தீர்மானத்தின் மூன்றாவது சுற்று முதல் இரண்டைவிட ஓங்கி. கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தொம் வரவில்லை என்று நிரலைத் திருத்தாதீர்கள். அவ்வளவு தாழ்ந்த ஒலி அதில் வராது, ஹெட்போனில் கேளுங்கள்.

எதையும் ஒலியாக்குவதற்கு முன் வாயால் சொல்லிப் பாருங்கள், கையில் தாளம் போட்டுக்கொண்டு. நாக்கு தடுக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு அந்த இரண்டு சொற்களின் இணைப்பை விலக்குப் பட்டியலில் சேருங்கள். நூறு வெளியீட்டைச் சொல்லிப் பார்த்தால் பட்டியல் ஓரளவு நிலைத்துவிடும்.

பம்பை பற்றி. செய்யலாம், ஆனால் இந்த நிரலை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்காரர் 3ச+2க போட்டுச் சமத்தில் விழுவதில்லை. அங்கே முதுகெலும்பு நடை. அது ஏறுவதும், உச்சத்தில் நிற்பதும், சட்டென்று தணிவதும்தான் கதை. ஆகவே அடிப்படைச் சுற்று ஒன்று, அதற்கு நான்கைந்து மாற்றுகள், உச்சத்துக்கு ஒரு சுற்று, நிறுத்தத்துக்கு ஒன்று என்று உங்கள் ஊர் பம்பைக்காரரிடம் அனுமதி கேட்டுப் பதிந்து வாருங்கள். ஊருக்கு ஊர் அடி மாறும், பக்கத்து ஊர் அடியைக் கலக்காதீர்கள்.

வேக ஏற்றத்தைப் பெருக்கலாக வையுங்கள், கூட்டலாக வேண்டாம். நிமிடத்துக்கு 100இலிருந்து 160க்கு 64 சுற்றில் போகவேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 1.00737ஆல் பெருக்குங்கள். கூட்டலில் போனால் ஆரம்பத்தில் பாய்ந்து, கடைசியில் நொண்டும்: முதல் சுற்றில் ஏற்றம் 0.94 சதவீதம், கடைசியில் 0.59. சாமி வரவேண்டிய நேரத்தில் வேகம் தளர்கிற மாதிரி கேட்கும். வேகம் ஏறும்போது ஒவ்வொரு குச்சியடியின் வாலையும் அதே விகிதத்தில் சுருக்குங்கள், இல்லாவிட்டால் அடிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்.

பாரதக் கூத்துக்குப் பயன்படுத்த நினைத்தால் வேகத்தை நிரல் முடிவு செய்யவே கூடாது. ஆடுபவர்தான் முடிவு செய்வார். ஒரு பித்தானைத் தட்டி வேகம் கொடுக்கும் வசதி வையுங்கள்; கடைசி நான்கு தட்டின் இடைவெளிகளைச் சராசரி எடுத்தால் போதும். ஒரு இடைவெளி சராசரியைவிட ஒன்றரை மடங்கு தாண்டினால் அதைத் தட்டு தவறியதாகக் கொண்டு விட்டுவிடுங்கள். நிறுத்தத்துக்குத் தனிப் பித்தான். அதை அழுத்தியதும் நடக்கும் சுற்று முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த அட்சரத்திலேயே நிறுத்தச் சுற்றுக்குத் தாவ வேண்டும், ஏனென்றால் வேடம் கட்டியவர் கை தூக்கியபின் ஒரு முழுச் சுற்று காத்து நிற்கமாட்டார்.